நீலம் போன சட்டை

இருநூற்று எண்பத்தெட்டு மணி நேரம் முடிந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு பாக்கி. அதாவது இரண்டு நாள். அந்த இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் சின்னவளுக்குப் பட்டம். கூடவே அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம்.

வரலாறு படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் முன்னூறு மணி நேரம் வெளியே போய் வேலை பழக வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும் என்றார் துறைத் தலைவர்.

"அனுபவத்தை எந்தத் தட்டுல போட்டுச் சாப்பிடறது?" என்று பெரியவள் கேட்டாள். பெரியவள் செருப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவள். தங்கையைச் சீண்டாமல் அவளுக்கு ஒரு பொழுது போகாது. "நம்ம வீட்டுலயே சும்மா வேலை பாக்கற மகராசி நீ ஒருத்திதான்டி."

சின்னவளும் ஒன்றும் சொகுசாக இருந்துவிடவில்லை. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு சின்னவளும் அங்கே போவாள். ஒன்பது மணி வரை விரிப்பு மடிப்பாள். இருவர் எதிரெதிரே நின்று விரிப்பின் நான்கு மூலையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூலையைக் கைமாற்றி, மறுபடி பின்னால் போக வேண்டும். மணிக்கு நூறு விரிப்பு. எதிரே நிற்கிறவளின் முகத்தை நூறு தடவை கிட்டத்தில் பார்த்தாலும் பேச வாய் வராது. பிறகு இரண்டு பேருந்து மாறி, பதினொரு மணிக்கு அருங்காட்சியகம். அங்கே ஐந்து மணி வரை. வாரத்தில் நாலு நாள். பன்னிரண்டு வாரமாக இதே பிழைப்பு. பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றபடி தூங்கக் கற்றுக்கொண்டாள். அனுபவம் என்று துறைத் தலைவர் சொன்னது இதைத்தானோ என்னவோ.

கடிதம்தான் பெரிது. அடுத்த மாதம் அருங்காட்சியகக் கிடங்கில் உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது. காப்பாளர் நல்லவிதமாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் அந்த இடம் பயிற்சிக்கு வந்தவளுக்கே போகும். முன்னால் இரண்டு தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதாவிட்டால் சலவைக்கூடம். அங்கே முழு ஷிப்டுக்குச் சின்னவள் பெயரை மேற்பார்வைக்காரரிடம் அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "ஒரு பேச்சுக்குத்தான் சொல்லி வச்சேன். நீ அங்க வராம இருந்தா எனக்கு அதைவிட வேறென்ன வேணும்" என்றாள். இருபத்திரண்டு வருடம் கொதிநீரிலும் சலவைக் காரத்திலும் ஊறியதில் அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை இல்லை. கைரேகை வைக்கிற இயந்திரம் அவளைத் தினமும் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாவது தடவைதான் உள்ளே விடும்.

அருங்காட்சியகத்தில் அப்போது ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஊரில் முப்பது வருடம் ஓடி மூடிப்போன சாயப்பட்டறையைப் பற்றி. வியாழக்கிழமை திறப்பு. காப்பாளரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர், நின்றுகொண்டே சாப்பிடுகிறவர், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் அவருக்கும் வேலை. முதல் நாளே சின்னவளிடம் ஒரு கட்டு வெற்றுப் படிவத்தைக் கொடுத்து, "பொருளுக்கு ஒரு படிவம். அதுல என்ன இருக்கோ அதை எழுது. அழகா எழுதாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை சொல்லிக்கொடுத்ததெல்லாம் கிடங்குக்காரர்தான், அதுவும் வேண்டா வெறுப்பாக. இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் சலிப்பு. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. "இங்க எல்லாத்துக்கும் நம்பர் இருக்கும்மா. எனக்கு மட்டும்தான் இல்ல. அதனால என்னைத் தவிர எதையும் கையுறை இல்லாம தொடாதே" என்பார்.

படிவம் எழுதுவதோடு, பழைய தொழிலாளர்களின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்குவதும் அவள் வேலை. அதற்கும் ஒரு விதி. பேசியது மட்டும் போதாது. பேசாததையும் எழுத வேண்டும். இருமினால் 'இருமல்', நிறுத்தினால் 'மௌனம்', அழுதால் 'அழுகை', அடைப்புக்குறிக்குள். தொடங்கிய நேரம் மேலே, முடிந்த நேரம் கீழே.

அப்படித்தான் வயதான ஓர் அம்மாவைப் பதிவுசெய்தாள். சாயத்தொட்டியில் பதினேழு வருடம் நின்றவரின் மனைவி. கணவர் இறந்து ஆறு வருடம். அவருடைய வேலைச் சட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வெளுத்த பருத்திச் சட்டை. இரண்டு கையிலும் முழங்கை வரை நீலம். இடது மார்பில், சட்டைப்பைக்கு மேலே, ஐந்து விரலும் தெளிவாக விழுந்த ஒரு கையின் அச்சு.

"பாப்பா, கக்கூஸ் போகணும்னா டோக்கன் காட்டணும். தண்ணி குடிக்கப் போகணும்னா டோக்கன் காட்டணும். அந்தத் தகட்டைச் சட்டைப்பையில வச்சிருப்பாரு. இருக்கா இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. சாயக் கையோட. ஒரு தடவை தொலைச்சுட்டு அரை நாள் அடக்கிக்கிட்டு நின்னாராம்."

இதற்குப் பிறகு 'மௌனம், நாற்பது வினாடி' என்று சின்னவள் எழுதியிருந்தாள்.

அதைப் படித்த மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூடத்தின் நடுவில் இருக்கிற பெரிய கண்ணாடிப் பேழை அந்தச் சட்டைக்குத்தான் என்று முடிவுசெய்தார். "விளக்க அட்டையை நீயே எழுது. எண்பது வார்த்தை. கீழே உன் பேர் போடறேன்." பன்னிரண்டு வாரத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சின்னவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடங்கைப் பூட்டினார்கள். சட்டையின் படிவம் முடிந்திருக்கவில்லை. கறையின் நீளம், அகலம், எந்தத் தையலிலிருந்து எத்தனை தூரம், எல்லாம் அளந்து எழுத வேண்டும். திங்கள் காலை மேடத்தின் மேசையில் படிவம் இருந்தாக வேண்டும். பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கிடங்கின் முதல் விதி. அவளுக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது.

வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்து, சட்டையைப் பரப்பி, அளவுகோலை எடுத்து வைத்தாள். இடது கை முப்பத்தொன்று சென்டிமீட்டர் என்று எழுதினாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. மேசை மேல் தலை சாய்ந்து அப்படியே செத்த மாதிரி தூங்கிவிட்டாள். விடியலில் பெரியவள் தட்டி எழுப்பி, "ஏய், பஸ் போயிடும்டி" என்றபோது, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு அம்மாவுக்கு வார விடுப்பு.

விரிப்பு மடித்து முடித்துப் பத்தரை மணிக்குத் திரும்பி வந்தவள், மாடிப்படி திரும்பும் இடத்திலேயே நின்றுவிட்டாள். பின்கட்டுக் கொடியில் ஒரு சட்டை தொங்கியது. வெள்ளை. பளிச்சென்று, இப்போதுதான் கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரி.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா. முகத்தில் வியர்வை. கை இரண்டும் சிவந்திருந்தன. "பாவி மக, என்னா கறைடி அது. மூணு மணி நேரம் என் உசிரை வாங்கிடுச்சு. ஆஸ்பத்திரிப் பொடி கொஞ்சம் இருந்தது, அதைப் போட்டேன். பாரு, ஒரு பொட்டு இருக்குதா?"

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "ஏம்மா துவைச்ச?"

"ஏன்னா? உன்கிட்டத்தானே துவைக்கக் கொடுத்து விட்டிருக்காங்க. நீ பாவம் உக்காந்தபடியே தூங்கிட்டே. அளவுகோலெல்லாம் வச்சு எங்கெங்க கறைன்னு குறிச்சு வச்சிருந்தே. சரி, நாமே முடிச்சுக் கொடுத்துடலாம்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சலவைக்காரி மகள்னு தெரிஞ்சுதானே கொடுத்திருப்பாங்க. படிக்கிற பிள்ளைகிட்ட இதையெல்லாமா கொடுக்கறதுன்னு எனக்கு வயித்தெரிச்சல்தான். இருந்தாலும் கொடுத்ததை மோசமாத் திருப்பிக் கொடுக்கக் கூடாது பாரு."

சின்னவள் கொடிக்குப் பக்கத்தில் போனாள். இடது மார்பைத் தடவிப் பார்த்தாள். ஈரம். சட்டைப்பையின் தையல், அதன் மேலே வெறும் துணி. ஐந்து விரலும் போய்விட்டிருந்தன. அருங்காட்சியகத்தில் என்ன வேலை செய்கிறாள் என்று அம்மாவிடம் அவள் ஒரு நாளும் விளக்கிச் சொன்னதில்லை. 'பழைய சாமான் எழுதற வேலை' என்று சொல்லியிருந்தாள். வீடு வந்து சேரும்போது அதற்குமேல் பேச அவளிடம் தெம்பு இருந்ததில்லை.

"நல்லா இல்லையா?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கும்மா" என்றாள் சின்னவள். வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே கிடங்குக்குப் போய்விட்டாள். சட்டையை மேசை மேல் வைத்தாள். கிடங்குக்காரர் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எந்தச் சட்டை?"

"அதே சட்டைதான்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, சாவிக்கொத்தை ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு குப்பி எடுத்துவந்தார். முத்திரை குத்துகிற நீல மை.

"சாவறதுக்கு முன்னாடி ஒரு வழி சொல்றேன் கேளு. தட்டுல ஊத்து. கையை வை. மார்ல ஒரு அழுத்து அழுத்து. சட்டைக் கைக்கு நான் பிரஷ்ல பூசித் தரேன். கண்ணாடிக்குள்ள போயிட்டா எவன் மோந்து பாக்கப் போறான்?"

"சட்டை வந்த அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்குங்களே."

"போட்டோவை எவன் பாக்கறான்? நான் இங்க இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். ஒருத்தரும் போட்டோவையும் பொருளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தது கிடையாது."

அவர் சொன்னது பொய் இல்லை. சின்னவள் கையுறையைக் கழற்றினாள். மை தொடாமல், வெறும் கையைச் சட்டையின் இடது மார்பில் வைத்துப் பார்த்தாள். சட்டைக்காரரின் கை எத்தனை பெரியது என்று அவளுக்குத் தெரியும், பதினெட்டரை சென்டிமீட்டர். புகைப்படத்திலிருந்து அளந்திருந்தாள். அவள் விரல்கள் அந்த அளவுக்கு எட்டவில்லை.

"என் கை வேணும்னா பெருசு" என்றார் கிடங்குக்காரர். "ஆனா எனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி இருக்கு. நான் வைக்க மாட்டேன்."

அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. குப்பியை மூடி அவர் கையில் கொடுத்தாள். பேனாவை எடுத்தாள். படிவத்தில் கடைசிக்கு முன்பாக ஒரு பத்தி உண்டு: பொருளில் ஏற்பட்ட மாற்றம், ஏற்படுத்தியவர், நாள். 'துவைக்கப்பட்டது. கறை முழுவதும் நீங்கியது' என்று எழுதினாள். ஏற்படுத்தியவர் என்ற இடத்தில் பேனா நின்றது. அம்மாவின் சிவந்த கை கண்ணுக்குள் வந்தது. ஒரு மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் பெயர் காலகாலத்துக்கும் இந்த அலமாரியில், பொருளைக் கெடுத்தவள் என்ற இடத்தில் இருக்கப்போகிறது. தன் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

மேடம் படிவத்தை நின்றுகொண்டே படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"ஏன் துவைச்சே?"

"அழுக்கா இருந்ததுங்க மேடம்."

"மூணு வருஷம் வரலாறு படிச்சிருக்கே."

அவள் மேசை மேல் இருந்த படிவத்தின் ஓரத்தை நேராக்கினாள்.

"வெளியில கொண்டுபோனதுக்கே உன்னை இப்பவே அனுப்பலாம். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

மேடம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். வியாழன் மேல் சிவப்பு வட்டம். "என்னால அதுகூட முடியாது. வியாழக்கிழமைக்கு இன்னும் அறுபது அட்டை ஒட்டணும், ஆள் இல்ல. நாளைக்குச் சட்டை கொடுத்த அந்தம்மா வராங்க, பேழையைப் பாக்க. அவங்ககிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அன்று முழுவதும் சின்னவள் அட்டை ஒட்டினாள். ஒரு விரல் அகலம் விட்டு, மட்டம் பார்த்து, அழுத்தி. நடுக்கூடத்தில் பெரிய பேழை காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் அவள் எழுதிய எண்பது வார்த்தை. கீழே அவள் பெயர்.

மறுநாள் மதியம் அந்த அம்மா வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, படியேறிய மூச்சிரைப்போடு. மேடம், கிடங்குக்காரர், சின்னவள் மூன்று பேரும் கிடங்கு மேசையைச் சுற்றி, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். சின்னவள் சட்டையை எடுத்து விரித்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "இது உங்க வீட்டுக்காரர் சட்டைதாம்மா. நான் வெளியில கொண்டுபோனேன். துவைச்சதுல நீலம் போயிடுச்சு. திரும்ப வராது. தப்பு என் மேலதான்."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கையைத் திருப்பினார், காலரைத் தூக்கினார், உள்பக்கத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டைப்பைக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எப்படி எடுத்தே?"

சின்னவளுக்குப் புரியவில்லை. "என்னதும்மா?"

"நீலத்தை எப்படி எடுத்தேன்னு கேக்கறேன். பதினேழு வருஷம் பாப்பா. வாரா வாரம். சோப்புல போட்டிருக்கேன், வெளுப்புத் தண்ணியில போட்டிருக்கேன், கல்லுல அடிச்சு என் தோள்பட்டை போச்சு. இம்மியும் அசையல. இதைப் போட்டுக்கிட்டுப் பிள்ளையோட ஸ்கூலுக்குப் போக வெக்கப்பட்டுக்கிட்டு, தெரு முனையில நின்னு பாத்துட்டு வருவாரு மனுஷன். வேற சட்டை இருந்தாத்தானே. சொல்லு, எதுல ஊறவச்சே? வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. விரிப்பு மடிக்கத்தான் தெரியும். துவைக்கிற பக்கம் அம்மா அவளை விட்டதே இல்லை.

"வெந்நீர்ல..." என்று இழுத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்குக்காரர் கூரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் சின்னவள். "நான் துவைக்கல. எங்கம்மா துவைச்சாங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருக்காங்க. என்னைத் துவைக்கச் சொல்லிக் கொடுத்து விட்டிருக்காங்கன்னு நெனச்சு, நான் தூங்கறேன்னு..." 

கிடங்கில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பழக்கதோஷம், எத்தனை வினாடி என்று சின்னவளின் மனம் எண்ணியது.

"உங்கம்மாவைக் கேட்டுச் சொல்லு" என்றார் அந்த அம்மா. "நான் இனிமே துவைக்கப் போறதில்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்." பிறகு சட்டையை மேசை மேலேயே நீட்டி வைத்து, கைகளைப் பின்னால் மடித்து, இரண்டாக்கி, தட்டிச் சரிசெய்தார். "இது உங்களுக்கு இனி எதுக்கு? வெள்ளைச் சட்டை ஊர்ல எங்கயும் கிடைக்கும். நான் எடுத்துக்கறேன். மருமகனுக்கு அளவு சரியா இருக்கும். துணி கெட்டி, இன்னும் அஞ்சு வருஷம் வரும்."

மேடம் ஏதோ சொல்ல வந்தார். பதிவு எண் ஏறிவிட்ட பொருள், திருப்பிக் கொடுக்க மூன்று கையெழுத்து வேண்டும் என்கிற மாதிரி ஏதோ. சொல்லவில்லை. துணிப்பைக்குள் சட்டை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டறையில் பதினேழு வருடம் நின்றவரின் சட்டை, நாளைக்கு வேறொரு வேலைக்குப் போகிற சட்டையாகிப் படியிறங்கிப் போனது.

"படிவத்தை எடு" என்றார் மேடம்.

சின்னவள் தன் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுதினாள். கிடங்கின் விதிப்படி அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். 'பயிற்சி மாணவியின் தாய். மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி, இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். தவறான புரிதல்.' கடைசி இரண்டு வார்த்தையை மேடம் படித்துவிட்டு, "யாருடையது?" என்றார். அவள் யோசித்து, 'மாணவி சொல்லாமல் விட்டதால்' என்று சேர்த்தாள்.

பேழைக்குள் என்ன வைப்பது என்று அதன் பிறகு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் சட்டையின் புகைப்படத்தையும் பட்டறையின் பழைய டோக்கன் தகடு ஒன்றையும் வைத்தார்கள். எண்பது வார்த்தையை இருபதாக வெட்டினார் மேடம். இருபது வார்த்தைக்குக் கீழே பெயர் போடுகிற வழக்கம் இல்லை.

ஐந்து மணிக்கு முன்னூறு மணி நேரமும் முடிந்தது. மேடம் கடிதத்தைத் தட்டச்சு செய்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தார். "பட்டத்துக்கு இது போதும்" என்றார். வேலைக்குப் போதுமா என்று சின்னவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிடங்குக்காரர் வாசல் வரை வந்து, "போயிட்டு வாம்மா. உனக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கலாம், நேரம் இல்ல" என்றார்.

வீட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா கட்டிலில் காலை நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். விடியலில் எழுகிறவள், ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். பெரியவள் உறையைப் பறித்துப் பிரித்தாள். சத்தமாகப் படித்தாள்.

"இவர் எங்கள் நிறுவனத்தில் முன்னூறு மணி நேரம் பயிற்சி பெற்றார். நேரம் தவறியதில்லை. பேட்டிகளைக் கவனமாகப் பதிவு செய்கிறார். தாம் செய்த தவறையும் தாம் செய்யாத தவறையும் எழுத்தில் ஒப்புக்கொள்பவர்." பெரியவள் தாளைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள். "அவ்வளவுதான். ஏண்டி, இதை நல்லதுன்னு எடுத்துக்கறதா, கெட்டதுன்னு எடுத்துக்கறதா?"

"தெரியலக்கா."

"இதைப் படிச்சுட்டு எவனாவது வேலை கொடுப்பானா?"

"தெரியலக்கா."

"என்ன தவறு?" என்றாள் அம்மா.

சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இனி மறைக்கிறதுக்குத் தெம்பு இல்லை. முழுவதும் சொன்னாள். டோக்கன், கக்கூஸ், சட்டைப்பை, ஐந்து விரல், கண்ணாடிப் பேழை. அம்மா காலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். 

"அப்ப அந்த அழுக்குதான் அவங்களுக்கு வேணுமா?"

"ஆமாம்மா."

"சொல்லியிருக்கலாமேடி."

"தூங்கிட்டேன்."

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு மணி நேரம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "அந்தப் பொம்பளை என்ன சொன்னா? சாபம் விட்டாளா?"

"இல்லம்மா. எப்படி எடுத்தீங்கன்னு கேட்டாங்க. பதினேழு வருஷம் அவங்க எடுக்கப் பாத்தாங்களாம். அசையலையாம்."

அம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்துபோனது. இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை உருப்படி என்றுதான் கேட்டிருக்கிறார்கள். தலையணையை முதுகுக்கு நிமிர்த்திக்கொண்டாள்.

"எழுதிக்க. அப்படியே கொண்டுபோய்க் கொடு அந்தம்மாகிட்ட."

பையில் ஒரு வெற்றுப் படிவம் மிச்சம் இருந்தது. சின்னவள் அதன் பின்பக்கத்தை எடுத்து, மேலே நேரம் குறித்தாள். ஆறு முப்பத்தைந்து.

"முதல்ல பச்சைத் தண்ணி. அழுத்தித் தேய்க்கக் கூடாது, தேய்ச்சா உள்ள போயிடும். அப்புறம் வெந்நீர், கை பொறுக்கிற சூட்டுக்கு மேல. பொடி ரெண்டு கரண்டி. மூடி போட்டு வைக்கணும். நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது. மஞ்சளாச்சேன்னு தூக்கிப் பாப்பாங்க. தூக்கினா, காத்துப் பட்டதும் மறுபடி நீலமாயிடும். அந்தம்மா அப்படித்தான் தூக்கிப் பாத்திருப்பா, பாவம். பொடி வேற இருந்திருக்காது அவகிட்ட."

"அப்புறம்?"

"தூக்கக் கூடாது. தண்ணிக்குள்ளயே வச்சு... தண்ணியை மட்டும் மாத்தி... ஒரு பக்கம் ஊத்தி, ஒரு பக்கம் விட்டு... மூணு தடவை..."

சின்னவள் எழுதி முடித்து நிமிர்ந்தாள். அம்மாவின் கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை இன்னும் நீரை விலக்குகிற மாதிரி விரிப்பின் மேல் கிடந்தது.

"அம்மா" என்றாள் மெதுவாக. "மூணு தடவை அலசினதுக்கு அப்புறம்?"

"விடுடி. காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும்" என்றாள் பெரியவள். "நீயும்தான்."

சின்னவள் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தாள். பிறகு அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'தூக்கம்' என்று எழுதினாள். கீழே, ஆறு நாற்பத்தொன்று.